கல்லூரி வாயிலும் நம் பிள்ளைகளும்

தம் மக்களுக்கு ஏற்ற கல்லூரி எதுவெனத் தேர்ந்தெடுக்கும் நிலை நம் சமுதாயத்துப் பெற்றோர்க்கு வாய்த்து நெடுங்காலம் ஆகவில்லை. ஏனையோர் 'எந்தக் கல்லூரி' என்று ஆராய்ந்த நாளில், நம்மவர் 'ஏதேனும் ஒரு கல்லூரி கிடைக்குமா' என்று ஏங்கி நின்றனர். அவ்வேக்கம் உரிமையாக மாறிய வரலாற்றை அறிந்தால்தான், அவ்வுரிமையைக் கருத்துடன் பயன்படுத்தும் பொறுப்பு நமக்கு விளங்கும்.

இரட்டைமலை சீனிவாசனார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்றவர். அங்கிருந்த ஏறத்தாழ 400 மாணவரில் பதின்மர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி எவரொடும் நெருங்காதிருந்தார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைந்தார். இடம் கிடைத்தும் நிம்மதி கிடைக்கவில்லை.

கல்லூரிக்குச் செல்லப் பள்ளி வேண்டுமன்றோ? அயோத்திதாச பண்டிதரின் முயற்சியும் கர்னல் ஆல்காட்டின் துணையும் சேர்ந்து, 1894இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளி தோன்றிற்று. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். இத்தகைய பள்ளிகள் இட்ட அடித்தளத்தின் மீதே நம் பட்டதாரிகளின் தலைமுறை எழுந்தது.

அண்ணல் அம்பேத்கரின் கல்வி வாழ்வு நமக்கு இன்னொரு பாடம். 1907இல் மெட்ரிகுலேசன் தேறிய அவர், பரோடா மன்னர் அளித்த திங்கள் 25 ரூபாய் உதவியால் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் அதே மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அவர்தம் அறிவுக்குக் குறைவில்லை. ஆயினும் உதவித்தொகை இன்றேல் அவ்வாயில்கள் திறந்திரா. இதனை அவர் மறக்கவில்லை. வைசிராய் நிருவாகக் குழுவில் அவர் உறுப்பினராய் இருந்த காலத்தில், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் கல்வியில் பின்தங்கிய மராத்வாடாப் பகுதியின் அவுரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் எனப் பெயர்பெற்ற கல்லூரியையும் கண்டார். மாணவர் கல்லூரியைத் தேடி அலைந்த நிலை மாறிக் கல்லூரியே அவர்தம் மண்ணுக்கு வந்தது.

1951இல் வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறை திருத்தப்பெற்று, 15(4) பிரிவு சேர்ந்தது. கல்லூரி இடஒதுக்கீடு அதனால் உறுதி பெற்றது. இன்று தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு உண்டு. அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு 2009இல் வகுக்கப்பெற்றது.

இவ்வாறு வந்த உரிமையை விளம்பரப் பலகை கண்டு இழத்தல் தகுமா? கட்டடத்தின் உயரமும் தரகரின் இனிய சொல்லும் கல்வியின் அளவுகோல் அல்ல. அக்கல்லூரி பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றதா, பாடப்பிரிவு அங்கீகாரம் உடையதா எனப் பெற்றோர் முதலில் வினவுதல் வேண்டும். அரசு கலந்தாய்வு வழி இடம் பெறுதலே நன்று. 2018இல் வந்த விதிகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர்க்கு மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையை மறுத்தன. இதனை அறியாது சேர்ந்தால், முழுக் கட்டணமும் கடனாய்க் குடும்பத்தின் தலையில் விழும். அருகில் ஆதிதிராவிடர் நல விடுதி உண்டா, அதில் இடம் கிடைக்குமா என்பதையும் முன்னரே நேரில் சென்று அறிதல் வேண்டும். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பள்ளி முடியுமுன்பே கையில் இருத்தல் நலம்.

மகனைத் தொலைவிலுள்ள நல்ல கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, மகளுக்கு மட்டும் அருகிலுள்ளதே போதுமென்று முடிவுசெய்தல் நீதியன்று. அவள் விரும்பும் பாடம் எங்கு உளதோ அங்கு அவளும் செல்லட்டும். பிள்ளையின் விருப்பத்தையும் கேளாமல் பாடத்தைத் திணித்தல் கூடாது.

இளைஞர்காள்! நம் ஊரில் முதலில் கல்லூரி கண்டவர்கள் நீங்களே. அடுத்த வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தை உடனமர்ந்து நிரப்பித் தாருங்கள். அவன் தந்தையுடன் கல்லூரி வரை சென்று வாருங்கள். சீனிவாசனார் அஞ்சி நுழைந்த வாயிலில் நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நுழையட்டும்.