ஆட்டத்தின் பெயரில் மறைந்த காலப்பிரமாணம்

முடிச்சூரில் உங்கள் வீட்டு மேசைமீது 61 கட்டைகள் கொண்ட மின் கீபோர்டு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்றுத்தர ஆசிரியர் இல்லை. ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் (1685–1750) இயற்றிய 'பிரெஞ்சு ஸ்வீட்' ஒன்றின் இசைத்தாள் மட்டும் கையில் இருக்கிறது. (தின்னும் ஸ்வீட் அன்று, 'வரிசை' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்.) ஸ்வரங்களைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிடலாம். ஆனால் எந்த வேகத்தில் வாசிப்பது? அதைச் சொல்லும் குறிப்பு தாளில் இராது. அலமாண்ட், கூராண்ட், சாரபாண்ட், ஜீக் என்ற தலைப்புகளே இருக்கும்.

அத்தலைப்புகள்தாம் விடை. அவை நடனங்களின் பெயர்கள். காவடிச்சிந்து என்றதும் அதன் துள்ளல் நமக்குத் தெரிகிறது. லாலி என்றதும் ஊஞ்சலின் அசைவு தெரிகிறது. இவற்றுக்கு யாரும் வேகம் எழுதிக் காட்டுவதில்லை அல்லவா? பாக்கின் காலத்து வாசகர்களுக்கும் அப்படியே. பதினேழாம் நூற்றாண்டில் ஃப்ரோபெர்கர் (1616–1667) போன்றோர் இந்நடனங்களை ஒரே ஸ்ருதியில் தொகுத்துக் கீபோர்டுக்கு எழுதினர்.

எனினும் பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சாரபாண்டைப் பாருங்கள். ஆபாசமான ஆட்டம் என்று 1583இல் ஸ்பெயினில் தடைசெய்யப்பட்டது அது. பிரெஞ்சு அரண்மனைக்குள் புகுந்தபின் நிதானமும் கம்பீரமும் கொண்ட நடனமாயிற்று. மூன்று எண்ணிக்கையில் இரண்டாவதன்மேல் கனம் விழுவது அதன் அடையாளம். பாக் எழுதியது இந்த மெதுவான சாரபாண்டை. வரலாறு தெரியாதவர் அதை வேகமாக ஓட்டிவிடக்கூடும்.

தொடக்கத்துக்கு உகந்தது மினுயெட். பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய குறிப்பேட்டில் ஜி மேஜர் மினுயெட் ஒன்று உள்ளது. கீபோர்டு பயில்வோர் அநேகமாக எல்லோரும் வாசிப்பது. அது பாக் இயற்றியதன்று, டிரெஸ்டன் நகர இசைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்ட் இயற்றியது என்பது 1970களில்தான் தெளிவாயிற்று. பல புத்தகங்களில் இன்னும் பாக்கின் பெயரே இருக்கிறது! இதை மூன்று மூன்றாக எண்ணி வாசித்தால் விட்டுவிட்டு ஒலிக்கும். ஆடுவோரின் நான்கு அடிகள் ஆறு எண்ணிக்கையில்தான் முடிகின்றன. அதாவது இரண்டு இசைக்கட்டங்கள் சேர்ந்து ஒரு சுற்று. ஆறு அட்சரங்கள் கொண்ட ரூபக தாளம் போடத் தெரிந்த கைக்கு இது புதிதன்று. முதலில் கீபோர்டைத் தொடாமல் தாளம் போட்டுக்கொண்டே பாடிப் பாருங்கள்.

இம்முறைக்கு நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு. சென்னைக்கு வடக்கே மணலியில் தங்கியிருந்த காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக் குழுவின் இசையைக் கேட்டார் என்பது மரபு. அம்மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்த அந்த நோட்டுஸ்வரங்கள் சுமார் நாற்பது. திஸ்ர ஏகம், சதுஸ்ர ஏகம் போன்ற எளிய தாளங்களில் உள்ளன. அயல்நாட்டு மெட்டின் நடையை அவர் நம் தாளக்கணக்கில் பிடித்துக்கொண்டார்.

பாக்கும் பெரும்பாலும் தாமாகக் கற்றவரே. பத்து வயது நிறையும் முன்பே பெற்றோரை இழந்து, ஓர்ட்ரூஃப் நகரில் அண்ணன் வீட்டில் வளர்ந்தார். ஃப்ரோபெர்கர் முதலியோரின் இசை அடங்கிய ஏடு ஒன்றை அண்ணன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அலமாரிக் கதவின் கம்பி இடுக்கில் கைவிட்டு அதைச் சுருட்டி எடுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் பெயர்த்தெழுதினான் அச்சிறுவன். விளக்குக்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. பிறகு அண்ணன் கண்டுபிடித்துப் பிரதியைப் பறித்துக்கொண்டார். 1754இல் வெளியான இரங்கல் கட்டுரை கூறும் செய்தி இது.

நீங்களும் ஒரு பக்கத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். வலக்கையின் ஸ்வரம் எங்கே நிற்க, இடக்கையின் ஸ்வரம் எங்கே நகர்கிறது என்பதை எழுதும் விரல் கவனிக்கும்; படிக்கும் கண் அவ்வளவு கவனிப்பதில்லை. கட்டைகள் போதுமா என்ற கவலை வேண்டாம். அக்காலத்து ஹார்ப்சிகார்டுகள் நான்கு முதல் ஐந்து ஸ்தாயிக்குள் அடங்கியவை. உங்கள் 61 கட்டைகளும் ஐந்து ஸ்தாயிதான். ஹார்ப்சிகார்டில் கட்டையை ஓங்கி அழுத்தினாலும் ஒலி கூடாது, தந்தியை ஒரு முள் மீட்டுகிறது, அவ்வளவே. ஆகவே ஆட்டத்தின் அழுத்தத்தை விரலின் பலத்தால் காட்ட முயல வேண்டாம். ஸ்வரத்தைச் சற்று நீட்டியோ, முந்தைய ஸ்வரத்தைச் சற்றே முன்னதாக விட்டோ காட்டுங்கள்.