கடல் கொண்ட பொருளும் குளிப்போர் பங்கும்

கடல் தரும் பொருள் இருவகைத்து. ஒன்று, கடலில் விளைவது. மற்றொன்று, கடல் கவர்ந்துகொண்டது. முத்தும் சங்கும் முன்னைய வகை. உடைந்த மரக்கலங்களோடு ஆழத்தில் அமிழ்ந்த வெள்ளியும் பொன்னும் பிற சரக்குகளும் பின்னைய வகை. முத்துக்குளித்துறை என வரலாற்றில் பெயர்பெற்ற நம் கடற்கரையில், விளைபொருளுக்குப் பங்கு வகுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சலாபங்களில், எடுத்த சிப்பியில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தோருக்கும் எனப் பிரிப்பது பெருவழக்கு. அமிழ்ந்த பொருளுக்கு அவ்வாறு பங்கு வகுத்தவர் யார்? அதில் குளிப்போருக்கு இடம் இருந்ததா? இவ்விரு வினாக்களுக்கு இலக்கியமும் கல்வெட்டும் அண்மைக்கால நிகழ்ச்சிகளும் தரும் விடைகளைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணிமேகலை காட்டும் கடலறம்

ஆதிரையின் கணவன் சாதுவன் கைப்பொருள் இழந்தபின், வணிகரோடு கலம் ஏறினான். புயலில் கலம் உடைந்தது. முறிந்த மரத்துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையை அவன் அடைந்தான். கரையொதுங்கியவரைக் கொன்று தின்று, அவர்தம் பொருளைக் கைக்கொள்வது அங்கு வாழ்ந்தோரின் வழக்கம். அவர்தம் மொழியைச் சாதுவன் அறிந்திருந்தான். அதுவே அவன் உயிரைக் காத்தது. நாகர் தலைவனோடு உரையாடிய அவன், கலம் உடைந்து வருவோரை உயிர் பிழைத்துப் போக விடுமாறு அறிவுறுத்தினான். மனம் மாறிய தலைவன், முன்பு மாண்டோரிடமிருந்து கொண்ட அகிலையும் துகிலையும் பிற பொருள்களையும் அவனுக்கு அளித்தான்.

இக்காதையில் ஆதிரையின் கற்பினை நாம் தேர்வுதோறும் வினவுகிறோம். சாதுவன் உரைத்த கடலறத்தை வினவுவது அரிது. உடைகலப் பொருள் கண்டெடுத்தவனுக்கே உரியது என்னும் பழைய வழக்கத்தைச் சாத்தனார் இங்கு உயிரிரக்கம் என்னும் அளவுகோலால் அளந்து பார்க்கிறார். பொருளைவிட உயிர் பெரிது என்பதே அவர் முதற்கண் நிலைநாட்டும் அறம்.

கல்லில் எழுதிய பங்கு

காப்பியம் அறமாகக் கூறியதைப் பிற்கால மன்னர் ஆணையாக்கினர். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. சிங்கள மன்னன் தமிழில் வெளியிட்ட ஆணை என்பதும், மணிமேகலை கூறும் மணிபல்லவம் இத்தீவே என அறிஞர் பலர் கருதுவதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன.

ஊராத்துறைக்கு வந்துசேரும் பிறநாட்டார்க்குக் காப்பளிக்கும் அக்கல்வெட்டு, உடைந்த கலங்களுக்கும் விதி வகுக்கிறது. மன்னனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு மட்டும் பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. மன்னனுக்குத் தேவையான குதிரையைக் கொணர்பவன் அஞ்சாது வரவேண்டும் என்பதனால் அவனுக்குச் சலுகை மிகுதி. அறமும் ஆதாயமும் ஒரே கல்லில் அருகருகே நிற்கின்றன.

ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244-ஆம் ஆண்டளவில் பொறித்த அபய சாசனம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. புயலில் சிக்கிக் கரைதட்டிய கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னை அரசர் பறித்துக்கொண்டனர் என்பதை அது வெளிப்படையாகவே கூறுகிறது. இனி உரிய சுங்கமன்றி வேறெதுவும் கொள்வதில்லை என உறுதியளிக்கிறது.

இவ்விரு ஆணைகளிலும் அரசனும் பொருளுடையானும் உளர். கடலில் மூழ்கி அப்பொருளை மேலே கொணர்பவனைப் பற்றிய பேச்சு இல்லை.

இராவணன் கோட்டைப் புதையல்

இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக் கரைக்கு அப்பால், அலைக்கு மேல் சிறிதே தலைகாட்டும் பாறைத்தொடர் ஒன்று உண்டு. ஆங்கில வரைபடங்களில் அதன் பெயர் கிரேட் பாசஸ். உள்ளூர் வழக்கில் அது இராவணன் கோட்டை. கலங்கள் பல அங்கே மோதி உடைந்தமையால் 1873-இல் கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் மட்டுமே அங்கு மூழ்க இயலும்.

1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மைக் வில்சன் என்பார் அமெரிக்கச் சிறுவர் இருவரோடு அங்கே நீரடிப் படம் எடுக்கச் சென்றார். சென்றது படத்துக்காக, கண்டது புதையல். வெண்கலப் பீரங்கியும் வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. அவை ஒளரங்கசீப்பின் ஆட்சியில், ஹிஜ்ரி 1113-இல், அதாவது 1702 அளவில், சூரத் அக்கசாலையில் அச்சிடப்பட்ட ரூபாய்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டப்பட்டிருந்த அவை, பை மட்கிய பின்னும் பையின் வடிவிலேயே கட்டிபட்டுக் கிடந்தன.

1963-இல் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இலங்கையின் புகழ்பெற்ற நீர்மூழ்குநர் ரோட்னி ஜோங்க்லாஸும் மீண்டும் சென்றனர். துருக்கிக் கடலில் பழங்கலம் ஒன்றை ஆய்ந்த அனுபவமுடைய பீட்டர் திராக்மார்ட்டனும் உடன் சென்றார். நாணயத்தை மேலே கொணர்வது மட்டுமே முன்னைய பயணத்தின் பணி. எப்பொருள் எவ்விடத்தில் கிடந்தது எனக் குறித்து வரையும் தொல்லியல் முறை இப்பயணத்தில்தான் வந்தது. கிளார்க் 1964-இல் இதனை நூலாக்கினார். அக்கலத்தின் பெயர் உறுதிப்படவில்லை. நாணயத்தின் ஆண்டே அதன் காலத்தை உணர்த்துகிறது.

தூத்துக்குடியில் 1955 முதல் தொடர்ந்து நடைபெற்ற சலாபங்கள் முடிவுற்றதும் அதே 1961-இல்தான். புதிய மூச்சுக்கருவி பூண்டோர் எதிர்க்கரையில் வெள்ளியை அள்ளிய ஆண்டில், மூச்சடக்கி மூழ்கிய நம்மவர் தொழில் ஒன்று அணைந்தது.

சங்குகுளிப்போர் கண்ட கலம்

அதே தென்னிலங்கைக் கரையில் கொடவாய என்னும் பழந்துறை உள்ளது. சிலப்பதிகாரத்தால் நாம் அறிந்த கயவாகுவின் காலத்தில், இத்துறையின் சுங்கவருவாயை விகாரைக்கு அளித்த செய்தியைக் கூறும் கல்வெட்டும் அங்கு உண்டு. 2003-இல் அக்கடலில் சங்கு குளித்த உள்ளூர் மீனவர், ஆழத்தில் கல்லாலான பொருள்களையும் மட்கலங்களையும் கண்டனர். அவற்றைத் தொல்லியலாரிடம் தெரிவித்தனர். பின்னர் நிகழ்ந்த ஆய்வில் கண்ணாடிக் கட்டிகளும் இரும்பும் செம்பும் ஏற்றிச் சென்ற கலம் அது எனத் தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அதுவே, இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட கலங்களுள் மிகத் தொன்மையானது.

இங்கே பொன் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆயினும் கொற்கையும் புகாரும் செழித்த காலத்து வாணிகத்துக்கு இதனினும் பெரிய சான்று வேறு எது? பூம்புகார்க் கடலில் அமிழ்ந்த மற்றொரு கலத்தில் கிடைத்த ஈயக்கட்டிகளும் இத்தகையனவே. 1791, 1792 என அவற்றில் பொறித்த எண்கள், விலைமலிந்த ஈயத்தை விலைமதிப்பற்ற ஆவணமாக்கின. கொடவாயவின் கலத்தை முதலில் கண்டது கருவியன்று. சங்கு தேடிய கண். மூழ்கியவர் தம் அறிவை மறைக்காது பகிர்ந்தமையால் வரலாறு இரண்டாயிரம் ஆண்டு பின்சென்றது.

நம் கரை செய்யத்தக்கது

பெரியதாழைக்கு வடக்கே உள்ள மணப்பாட்டில், 1540 அளவில் புயலில் சிக்கிய போர்த்துக்கேயக் கலம் ஒன்றின் முறிந்த பாய்மரமே சிலுவையாக நடப்பட்டது என்பது ஊர்மரபு. சாதுவனைக் காத்ததும் ஒரு மரத்துண்டே. உடைகலத்தின் எச்சம் பொருளாக அன்றி நினைவாகவும் காக்கப்படும் என்பதற்கு அம்மரபு சான்று.

அத்தகைய நினைவு நம் மீனவரிடம் மிகுதி. அமிழ்ந்த கலத்தைச் சுற்றி மீன் கூடும், வலையும் சிக்கும். வலை கிழிந்த இடத்தை மீனவர் மறப்பதில்லை. கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் தேரியையும் ஒன்றோடொன்று நேர்வைத்து அவ்விடத்தை மனத்தில் குறித்துக்கொள்வர். பார்களின் பெயர், நீரோட்டத்தைக் குறிக்கும் நீவாடு முதலிய சொற்கள், ஆழத்தில் கண்ட பொருள் பற்றிய பேச்சு ஆகியன முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. திசைகாட்டும் கருவி படகில் ஏறியபின் இளையோர்க்கு அவற்றின் தேவை குறைந்துவிட்டது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் இச்சொற்களைத் தொகுக்கும் பணியை மேற்கொள்ளுதல் வேண்டும். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் உடன் பதிதல் வேண்டும். கலம் கிடக்கும் இடத்தை மட்டும் அச்சில் ஏற்றலாகாது. அதனைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைப்பதே முறை. இடமறிந்து முதலில் ஓடிவருவோர் ஆய்வாளராக இருப்பதில்லை.

நயினாதீவுக் கல் உடையவனுக்குப் பங்கு வகுத்தது. பண்டாரத்துக்கும் பங்கு வகுத்தது. அக்கல்லில் எழுதப்படாத மூன்றாம் பங்கு ஒன்று உண்டு. அது மூழ்கியவனின் சொல். அதனை எழுதும் கடமை எழுதுகோல் ஏந்திய நம்முடையது.