வீகன் நெறி: தனியொருவர் நோன்பும் பொதுவினையும்

உயிர்க்கொலையால் வரும் உணவை விலக்குதல், ஒருவன் தன்னளவில் மேற்கொள்ளும் நோன்பாமோ, உலகியலைத் திருத்தும் பொதுவினையாமோ என்னும் வினாவுக்கு, இங்கிலாந்தில் தோன்றிய வீகன் நெறியின் வரலாறு தக்க சான்றாகும்.

அந்நாட்டில் ராம்ஸ்கேட் என்னும் ஊரில் 1847ஆம் ஆண்டு மரக்கறியுணவினர் கழகம் நிறுவப்பெற்றது. புலாலை நீக்கிய அக்கழகத்தார் பால், வெண்ணெய், முட்டை என்பவற்றை விலக்கிற்றிலர். பசு பால் சுரத்தற்குக் கன்றீனல் வேண்டும். பண்ணைகளிற் பிறக்கும் ஆண்கன்றும் பால் வற்றிய பசுவும் பெரும்பாலும் கொலைக்களத்தையே அடையும். ஆதலின் பால் கொள்வோரும் கொலைக்குப் புறம்பாகார் என அக்கழகத்துள்ளேயே சிலர் கருதினர். அவருள் மரவேலை ஆசிரியராகிய டொனால்ட் வாட்சன் என்பாரும் எல்சி ஷ்ரிக்லி என்னும் அம்மையாரும் தம்மனையார்க்கெனக் கழகத்துள் ஒரு பிரிவு வேண்டினர், கழகம் இசைந்திலது. அதனால் 1944ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அறுவர் இலண்டனிற் கூடி வேறொரு கழகங் கண்டனர். 'வெஜிடேரியன்' என்னும் சொல்லின் முதலையும் ஈற்றையும் இணைத்து 'வீகன்' என்று பெயரிட்டனர்.

அறுவர் பாலைத் துறத்தற்குக் கழகம் எற்றுக்கு? அவரவர் தத்தம் இல்லத்தே துறத்தல் அமையாதோ எனின், அமையாது. என்னை? அஃது இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலம்; உணவு பங்கீட்டு முறையால் வழங்கப்பட்டது. புலாலுண்ணாதார்க்கு அரசினர் அதற்கீடாகப் பாலாடைக்கட்டியை மிகுத்தளித்தனர். பாலையும் விலக்கினார்க்கு அவ்வேற்பாட்டாற் பயனில்லை. எதனை விலக்குவது என்பது ஒருவனது உள்ளத்தின் பாற்படும். எதனை உண்டு வாழ்வது என்பதோ நாட்டின் ஏற்பாட்டின் பாற்படும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் லெஸ்லி கிராஸ் என்பார். விலங்குகளை மக்கள் தம் பயன் கருதி ஆளுதலினின்று அவற்றை விடுவித்தலே இந்நெறியின் குறிக்கோள், உணவு அதன் ஒரு கூறே என அவர் 1951இல் எழுதினார். அவரே 1956இல் செடிப்பாற் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் பயனாக 1965இல் சோயாப் பால் விற்பனைக்கு வந்தது. அதனை விற்பது வாணிகமாயினும், பலரும் பாலை விடுதற்கு வழிசெய்தலே அதன் நோக்கமாம்.

1979இல் வீகன் கழகம் அறநிலையமாகப் பதிவுற்றது. அப்போது அமைந்த இலக்கணம், விலங்குகளைத் துன்புறுத்திப் பயன்கொள்ளுதலை இயன்றவரை விலக்கும் வாழ்க்கைமுறை என இந்நெறியை வரையறுத்தது. 1990இல் சூரியகாந்தி மலர் பொறித்த வணிகக்குறியும் ஏற்பட்டது. குறி கண்டு பொருள் கொள்ளுதல் எளிதாயிற்று. ஆயின் நோன்பு விருப்பமாய்ச் சுருங்குதற்கும் இடமுண்டாயிற்று. உடல்நலங் கருதியும் சுவை கருதியும் அப்பொருளை வாங்குவார் உளர். அவர் செயல் குற்றமன்று. எனினும் விருப்பம் மாறின் அதுவும் மாறும்.

ஆயின் தனியொருவர் நோன்பு வேண்டாவோ எனின், அதுவே வித்தாம். அறுவர் முன்னரே தம் கலத்தினின்று பாலை விலக்கியிராவிடிற் கழகமே தோன்றியிராது. ஆனால் அவர் அதனோடு அமைந்திருப்பின், அவர் வாழ்நாளோடு அந்நெறியும் ஒழிந்திருக்கும். நோன்பு உள்ளத்தைத் தூய்மை செய்யும். உயிர்களின் துயரைத் துடைத்தற்கோ பலர் கூடிய முயற்சியும் வேண்டும் என்பதே இவ்வரலாற்றாற் பெறப்படும் துணிபாம்.