செந்நிறம் நீங்கிய வட்டம்

சங்கராபுரம் வட்டாரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் சென்று வருவோர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே அமைக்கப்பட்ட விமான ஓடுதளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். அப்போர் நமக்கு எங்கோ தொலைவில் நிகழ்ந்ததன்று. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலையும் ஜப்பானியரின் குண்டுகளுக்கு இலக்காயின. 1943 அக்டோபரில் சென்னையிலும் குண்டு விழுந்தது. வானத்தில் இரைச்சல் கேட்டால், வருவது நம்மவரா பகைவரா என்பதே அன்று முதற்கேள்வி. அதற்கு விடைசொல்ல வேண்டியவை விமானத்தின் மேனியில் தீட்டப்பட்ட குறிகள்.

பிரிட்டிஷ் விமானம் ஒவ்வொன்றுக்கும் பிறவிப்பெயர்போல ஒரு வரிசை எண் உண்டு. அது வாலருகே சிறிதாக எழுதப்படும். பக்கவாட்டில் நாட்டைச் சுட்டும் வண்ண வட்டம். வட்டத்தின் ஒருபுறம் படையணியைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். மறுபுறம் அந்த விமானத்துக்கே உரிய ஓர் எழுத்து. இலங்கையின் கொக்கலை நீர்நிலையிலிருந்து 1942 ஏப்ரல் 4-இல் ரோந்து சென்ற கத்தலினா விமானத்தின் வரிசை எண் ஏஜே 155. அதன் எழுத்துகள் கியூஎல்-ஏ. கனடாவின் 413-ஆம் படையணியைச் சேர்ந்த லெனார்டு பர்ச்சால் அதை ஓட்டினார். ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். கொழும்பு மறுநாள் முற்றிலும் உறக்கத்தில் அகப்படாமற்போனதற்கு அந்த அறுபட்ட செய்தியே காரணம்.

எழுத்துகளை வாசிக்க விமானம் அருகில் வரவேண்டும். தொலைவில் கண்ணுக்குப் படுவது நிறந்தான். இங்கேதான் இடர்ப்பாடு விளைந்தது. பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவே சிவப்பு; ஜப்பானியரின் குறியோ முழுவதும் சிவப்பான ஞாயிற்று வட்டம். நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டிய சுடுநருக்குச் சிவப்பு ஒன்றே தெரிந்தது. சுற்றியிருந்த நீலம் தெரியவில்லை. 1942-இல் ஆஸ்திரேலியக் கத்தலினா ஒன்றை, ஜப்பானியருடையதெனக் கருதி நேச நாட்டு அமெரிக்கப் போர்விமானமே தாக்கியது. அமெரிக்கரும் தம் வெண்மீனின் நடுவிலிருந்த செம்பொட்டை அவ்வாண்டு மே மாதத்தில் நீக்கிவிட்டிருந்தனர்.

இந்தியாவிலும் பர்மா முனையிலும் முதலில் சிவப்பின்மேல் வெள்ளை பூசினர். வெள்ளையோ காட்டின் மேலே பளிச்செனத் தெரிந்து பகைவருக்கு வழிகாட்டியது. ஆகவே வெள்ளையில் சிறிது நீலம் கலந்து, கருநீல வட்டத்தின் நடுவே வெளிர்நீலம் என்னும் குறி நிலைபெற்றது. நம் இந்திய விமானிகளும் அக்குறியுடனே பர்மாவில் போரிட்டனர். அதுவும் போதவில்லை. தண்டர்போல்ட் என்னும் அமெரிக்க விமானத்தின் மொண்ணை மூக்கு ஜப்பானிய விமானத்தை ஒத்திருந்ததால், மூக்கிலும் இறக்கையிலும் வாலிலும் வெண்பட்டைகள் தீட்ட வேண்டியதாயிற்று. பகைவனிடமிருந்து மறைய வேண்டும். நண்பனுக்கோ தெரிய வேண்டும். இவ்விரண்டையும் ஒரே வண்ணக்கலயம் எப்படித்தான் நிறைவேற்றும்!

இந்த எழுத்துகளில் நம் முன்னோரின் பங்கும் ஒன்றுண்டு. சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக, பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264-ஆம் படையணிகள் மூன்றும் ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயரைத் தாங்கின. ஆயினும் விமானத்தின் பக்கவாட்டில் பெரிதாகத் தெரிந்தவை என்வி, ஏஇசட், பிஎஸ் என்னும் எழுத்துகளே. காசு கொடுத்த உழவர் அவ்விமானம் தம் தலைக்குமேல் பறந்திருந்தாலும் தம்முடையதென்று அறிந்திருக்கமாட்டார். கொடுத்தவருள் மனமுவந்தவர் எத்தனை பேர், அதிகாரியின் முகத்துக்காகத் தந்தவர் எத்தனை பேர் என்பதைப் படையணியின் பெயர் சொல்லாது. 79-ஆம் படையணி 1942-இல் கீழ்த்திசைக்கு வந்து பர்மா முனையில் போரிட்டது. பிற்பாடு அது ஓட்டியதும் வெண்பட்டை தீட்டிய அதே தண்டர்போல்டுதான்.

விடுதலைக்குப் பின் இந்திய விமானங்களில் சிறிதுகாலம் அசோகச் சக்கரம் இடம்பெற்றது. அதன்பின் மூவண்ண வட்டம் வந்தது.