குடிவாரம் 55 சதவீதம்



ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக யூடியூபில் இறங்கலாமா சார் என்று இந்த வருஷம் மட்டும் உங்களில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு. வாத்தியாருக்குப் பழக்க தோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிப்காட் வருவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் ஏரிப்பாசன ஊர்கள். உங்கள் தாத்தாமார் பலர் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள். களத்தில் நெல் குவிந்ததும் நிலக்காரருடைய மேல்வாரம் முதலில் போகும். மிச்சம்தான் உழுதவனுடைய குடிவாரம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பாதிக்கு மேல் நிலக்காரருக்கே போன காலம் அது. 1955இல், குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. 1956இல் நியாய வாரச் சட்டம். நன்செய் நிலத்தில் மேல்வாரம் 40 சதவீதம் என்று வரையறுத்தார்கள். பிறகு அதையும் குறைத்தார்கள்.

இப்போது யூடியூப். வீடியோ போடுபவர்களோடு விளம்பர வருமானத்தைப் பங்கு பிரிக்கும் வழக்கம் அங்கே 2007இல் தொடங்கியது. நீள வீடியோ என்றால் உங்களுக்கு 55, அவர்களுக்கு 45. ஷார்ட்ஸ் என்றால் உங்கள் பங்கு 45தான். 1956 சட்டம் நம் நிலக்காரருக்கு விட்டதைவிட இது கூடுதல் மேல்வாரம், கவனியுங்கள்!

பங்கைக்கூட விடுங்கள், வெளியேற்றம்தான் எனக்குக் கவலை. 2018 பிப்ரவரி 20 முதல், 1000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் இல்லாத சேனல்களுக்கு விளம்பரப் பங்கு கிடையாது என்றார்கள். அதுவரை ஏதோ கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டிருந்த சின்னச் சேனல்களுக்கும் அது நின்றது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை அரசு தடை செய்தது. சீன எல்லையில் நடந்த மோதலுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் லட்சக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த ரசிகர்களை யாராலும் மூட்டை கட்டி வேறு இடத்துக்கு எடுத்துப்போக முடியவில்லை. 1955 சட்டம் மாதிரி ஒரு காப்பு இவர்களுக்கு இல்லை.

அதற்காகக் கம்பெனி வேலை நிரந்தரம் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. வரி வழக்கு காரணமாக அந்த ஆலை மைக்ரோசாப்ட் கைக்குப் போகவில்லை. 2014 நவம்பர் 1இல் மூடினார்கள். எட்டே வருஷம்!

ஜெயித்தவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் தாத்தா பெரியதம்பியும் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி, 2018இல் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். அதாவது, அந்தக் கெடுபிடி வந்த அதே வருஷம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவாகியிருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது. 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள், தமிழில் முதல் சேனலாக. அந்த வருஷமே முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

ஆகவே மூவருக்கும் என் பதில்: வேலையை விடாதீர்கள், வீடியோவையும் விடாதீர்கள். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அப்படி ஆறு மாதம் தொடர்ந்து பேங்கில் விழட்டும், அப்புறம் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம். சேனல் வைத்திருப்பவர்கள் பெயரைக் கீழே போடுங்கள், பார்க்கிறேன்.