செம்மணி: மண்ணுக்குள் எலும்பைத் தேடிய வரலாறு

இலங்கையின் யாழ்ப்பாண நகர நுழைவாயிலில், உப்பளத்தை ஒட்டிக் கிடக்கும் வெளி செம்மணி. 1998 ஜூலையில், பாடசாலை மாணவி கிரிசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, 300 முதல் 400 உடல்கள் அங்கே புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் அடையாளம் காட்டப்பட்ட இடங்களைத் தோண்டியதில் கிடைத்தவை 15 உடல்கள். சாட்சியின் நினைவே அன்று முதன்மையான வழிகாட்டி.

பின்னர் வெளிப்பட்ட புதைகுழிகள் பலவும் தற்செயலாகத் தெரிந்தவையே. 2013இல் திருக்கேதீஸ்வரத்திலும் 2023இல் கொக்குத்தொடுவாயிலும் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய பள்ளங்கள் எலும்புகளைக் காட்டின. 2025 பெப்ரவரியில் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் கட்டுமான வேலை எலும்புகளை வெளிக்கொண்டுவந்தது.

தற்செயலை நம்பாமல் தேடவும் தடயம் உண்டு: ஒருமுறை தோண்டி மூடிய மண் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அடுக்குகள் கலந்து நிறம் மாறும், மேற்பரப்பு தாழும், செடிகள் வேறுவிதமாக வளரும். செம்மணியில் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ குழு செயற்கைக்கோள், ட்ரோன் படங்களைக் கொண்டு இரண்டாவது இடத்தைக் குறித்தது. அடுத்து தரை ஊடுருவும் ராடார் வந்தது. அது எலும்பைக் காட்டாது, குலைந்த மண்ணையே காட்டும். உப்பும் ஈரமும் மிகுந்த நிலத்தில் அதன் அலைகள் விரைவில் மங்கும். ஆகவே இறுதிச் சொல் கரண்டிக்கும் தூரிகைக்கும் சல்லடைக்கும் உரியது.

2025 செப்டம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுக்குப் பெயர் கிடைக்க, காணாமற்போனோரின் உறவினர்களிடமிருந்து மரபணு மாதிரிகள் முறைப்படி பெறப்பட வேண்டும்.