பேபெல், ஆகஸ்ட் (1840–1913)

ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் நிறுவனத் தலைவர்களுள் ஒருவர். கடைசல் பட்டறை நடத்திய சிறுதொழில் முனைவர். கொலோன் நகரை அடுத்த டாய்ட்ஸில் 1840 பிப்ரவரி 22 அன்று பிரஷ்யப் படைவீரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, வெட்ஸ்லரில் கடைசல் தொழில் பயின்றார். பல ஊர்களில் வேலை செய்தபின் 1860இல் லைப்சிக் வந்தார். 1864இல் அங்கு சொந்தப் பட்டறை தொடங்கினார். எருமைக் கொம்பைக் கடைந்து கதவு, சன்னல்களுக்குக் கைப்பிடிகள் செய்வது அவருடைய தொழில்.

1867இல் வட ஜெர்மன் கூட்டமைப்பின் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1869இல் வில்ஹெல்ம் லீப்க்னெஹ்டுடன் சேர்ந்து ஐசனாஹ் நகரில் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1870இல் பிரான்சுடனான போருக்கு நிதி கோரிய தீர்மானத்தில் இருவரும் வாக்களிக்க மறுத்தனர். 1872இல் தேசத்துரோக வழக்கில் இருவருக்கும் இரண்டாண்டு கோட்டைச் சிறை விதிக்கப்பட்டது. பேபெல் சிறையிலிருந்த காலத்தில் மனைவி யூலி பட்டறையைக் கவனித்துக்கொண்டார். 1876இல் பங்குதாரர் ஒருவருடன் இணைந்ததால் தொழில் நீராவி இயந்திரத் தொழிற்சாலையாக வளர்ந்தது. கட்சி தடைசெய்யப்பட்டிருந்த நிலையில், 1881இல் லைப்சிக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் பங்கிலிருந்து விலகி அந்நிறுவனத்தின் விற்பனைப் பயணியாக ஊர் ஊராகச் சென்றார். அப்பயணங்கள் தடைசெய்யப்பட்ட கட்சியின் தொடர்புகளைக் காக்கவும் உதவின.

1879இல் வெளியான 'பெண்ணும் சமதர்மமும்' பெண்ணுரிமை வரலாற்றில் தலையாய நூல்களுள் ஒன்று. 1912 தேர்தலில் கட்சி 110 இடங்களை வென்று நாடாளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியானது. பேபெல் 1913 ஆகஸ்ட் 13 அன்று சுவிட்சர்லாந்தின் பாசுக்கில் காலமானார். சூரிக்கில் அடக்கம் செய்யப்பட்டார்.